இரவல் கை

வினோதினி செய்கிற பொம்மை ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. கதை இல்லாத பொம்மை விலை போகாது என்பதை இந்தத் தொழிலில் இறங்கிய புதிதிலேயே அவள் தெரிந்துகொண்டாள்.

பொம்மை என்றால் குழந்தைகள் வைத்து விளையாடுகிற பொம்மை இல்லை. ஒரு அடி உயரப் பட்டாளக்காரன். கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, முட்டி எல்லாம் ஆள் மாதிரியே மடங்கும். கடையில் வாங்கினால் அத்தனை பேருக்கும் ஒரே மூஞ்சி. பெங்களூரிலும் புனேயிலும் இருக்கிற சில பெரிய மனிதர்களுக்கு அது போதாது. தனக்கென்று தனியாக ஒருத்தன் வேண்டும் என்பார்கள். இவர்கள் பிள்ளைகுட்டி பெற்றவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்காக வினோதினி தலையை மாற்றுவாள், தழும்பு வைப்பாள், சுண்டுவிரல் நீளத்துக்குக் காலர் வைத்து உடுப்பு தைப்பாள். கடைசியில் பெட்டியின் பின்பக்கம் கதை எழுதுவாள். அமாவாசையன்று மட்டும் கண் தெரிகிற ஸ்னைப்பர். செத்துப்போன தோழர்களின் மூச்சைத் தோல்பையில் சுமந்து திரிகிற சுபேதார். எல்லாம் பாத்திரம் தேய்க்கும்போது தோன்றியவை. படித்தவர்கள் உடம்பெல்லாம் சிலிர்த்தது என்று மெசேஜ் போடுவார்கள். இவள் சிரித்துக்கொண்டே கூரியர் கட்டுவாள். பேய் பிசாசில் அவளுக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. பேயை வைத்துப் பிழைக்கிறவளுக்கு அது தொந்தரவு.

பகலில் ஆரோவில் பக்கம் ஒரு மரச்சாமான் பட்டறையில் பெயின்ட் அடிக்கிற வேலை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் இந்த வேலை. வீடு மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டின தெருவில். மாமியார் அம்சவள்ளி அந்த உப்பளத்தில் உப்பு வாருகிறவள். நல்ல மனுஷிதான். ஆனால் மருமகள் இடது கையில் தூரிகை பிடிப்பதைப் பார்த்தால் மட்டும் அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"பீச்சாங்கைக்காரி கையால சாமி பொம்மை செய்யாம இருக்கியே, அந்த மட்டும் சந்தோஷம்" என்பாள்.

"சாமிக்கு யாரு அத்த ஆர்டர் குடுக்கறா?" என்பாள் வினோதினி. அத்தோடு முடிந்துவிடும்.

அவளுடைய புருஷன் ராமதாஸ் பட்டாளத்தில் லான்ஸ் நாயக். பொம்மை இல்லை, நிஜப் பட்டாளம். வடக்கே, வருஷம் முழுக்கப் பனி உருகாத ஒரு மலைமேல் மூன்று மாசம் காவல் இருந்துவிட்டு, வைகாசியில் லீவுக்கு வந்திருந்தான். வந்தவன் பழைய ராமதாஸாக இல்லை. சோறு சரியாக இறங்கவில்லை. மத்தியான வெயிலில் போய் உப்பளத்து வரப்பில் உட்கார்ந்துகொள்வான். கத்திரி முடிந்த வெயிலில் பாத்தியெல்லாம் கண்ணைக் கூசும் வெள்ளை. வேலை செய்கிறவர்களே அந்த நேரத்துக்கு ஒதுங்கிவிடுவார்கள். இவன் அதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வினோதினி குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னாங்க ஆச்சு? வந்ததுலேர்ந்து பாக்கறேன். வாயைத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்?"

ராமதாஸ் பாத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்புறம், "நீ எனக்கு ஒரு பொம்மை செஞ்சு தரணும்" என்றான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் பொம்மை கேட்டதே இல்லை.

"எனக்குன்னு இல்ல. நாங்க காவல் இருக்கற போஸ்ட்டுக்கு. அண்ணனுக்கு."

"எந்த அண்ணன்?"

அவன் சொல்ல ஆரம்பித்தான். அந்தப் போஸ்ட்டில் பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தமிழ்ப் பட்டாளக்காரர் இருந்தாராம். பேர் ஆளுக்கொன்று சொல்வார்கள், அதனால் எல்லாருக்கும் பொதுவாக அண்ணன். பனிப்புயலில் ரோந்து போனபோது எல்லாரையும் சேர்த்துக் கட்டின கயிற்றில் அவர் கடைசி ஆள். திரும்பி வந்தபோது கயிறு மட்டும் வந்தது. மறுநாள் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது அவருடைய கையுறைகள் மட்டும்தான். வாசலில் செருப்பைக் கழற்றி வைப்போமே, அந்த மாதிரி ஒரு ஜோடி, பக்கத்தில் பக்கத்தில். வேறு தடயம் எதுவும் இல்லை.

"அங்க டூட்டியில தூங்கினா அவ்ளோதான் வினோ. குளிரு அப்படியே இழுத்துக்கும். சொகமா இருக்கும்னு சொல்லுவாங்க. எழுந்துக்கவே தோணாது. ஆனா எங்க போஸ்ட்ல அப்படி ஒருத்தன்கூட செத்ததில்ல. கண்ணு சொக்குச்சுன்னா அண்ணன் வந்து அறைவாரு."

"அறைவாரா?"

"பளார்னு. முழிச்சுப் பாத்தா ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. கன்னம் எரியும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் வினோதினி அதைப் பெட்டியின் பின்பக்கத்துக்கு மனதில் குறித்துக்கொண்டிருப்பாள். சொன்னது இவன். சொல்லும்போது கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

"உங்களையும் அறைஞ்சாரா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். "அதுக்கு அடுத்த வாரமே ஸ்டவ் வெடிச்சு, அந்தக் கையுறையை வச்சு நாங்க கும்புடற அண்ணன் மாடம் எரிஞ்சுபோச்சு. கையுறை ரெண்டும் சாம்பல். அவருக்கு என் மேல கோவம் வினோ. எனக்குத் தெரியும். சுபேதார் சாப்தான் சொன்னாரு, உன் பொஞ்சாதி பட்டாளக்காரன் பொம்மை செய்வாங்களாமே, அண்ணனை ஒண்ணு செஞ்சு எடுத்தாடான்னு. புரட்டாசியில மறுபடி மேல போறேன். அடுத்த தடவை கண்ணு சொக்குச்சுன்னா அவரு என்னை எழுப்ப மாட்டாரு."

"இன்னாத்துக்குக் கோவம்?"

"அத விடு" என்று எழுந்து போய்விட்டான்.

அண்ணன் இருக்கிறாரோ இல்லையோ, எழுப்ப ஆள் இல்லை என்று நம்புகிறவன் மேலே போனால் என்ன ஆவான்? அவன் திரும்பி வருவது இந்தப் பொம்மையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று வினோதினிக்குப் பட்டது. அன்றைக்கே வேலையைத் தொடங்கினாள்.

உடம்பு வாங்கி வைத்திருந்ததில் ஒன்று. பனி உடுப்புக்கு வேட்டித்துணி ஆகாது, இழை பெரிதாகத் தெரிந்து பொம்மையைக் கோணி கட்டினவன் ஆக்கிவிடும். ஒரு கம்பெனிக்காரன் இனாமாகக் கொடுத்த வெள்ளைக் குடையைப் பிரித்துத் தைத்தாள். முகத்துக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தாள். அந்தக் குளிரில் யார் முகம் யாருக்குத் தெரியப்போகிறது? குல்லா, கறுப்புக் கண்ணாடி, மூக்குவரை சுற்றின மஃப்ளர். முகம் முடிந்தது.

பிரச்சினை கையில் வந்தது. இந்தப் பொம்மைகளுக்குக் கை தனியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி வரும். துப்பாக்கி பிடிக்கிற கை, சுட்டுகிற கை, முஷ்டி. எது வேண்டுமோ அதை மணிக்கட்டு முளையில் செருகிக்கொள்ளலாம். அறைகிற கை எந்தக் கம்பெனியும் போடுவதில்லை. மாவுப் பிசினில் அவளேதான் செய்ய வேண்டும். செய்வதற்குத் தெரிய வேண்டுமே.

"ஏங்க, அண்ணன் கை எப்படி இருந்துச்சு? பெருசா, சின்னதா? சோத்தாங்கையா, பீச்சாங்கையா?"

ராமதாஸின் முகம் சுண்டிப்போனது. "எனக்குத் தெரியாது. மத்தவங்களைக் கேட்டுச் சொல்றேன்."

மேலே அவனோடு இருந்தவர்களுக்கு வாட்ஸப்பில் ஒரு குரூப் இருந்தது. எல்லாரும் கீழே முகாமிலோ லீவிலோ இருந்தார்கள். கேள்வியைப் போட்டான். அதுவரை காலை வணக்கமும் கோழி பிரியாணி படமுமாக ஓடிக்கொண்டிருந்த குரூப் அடியோடு அமைதியாகிவிட்டது. பார்த்ததற்கான நீல டிக் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

"ஏன் ஒருத்தரும் பேசல?"

"எவன் பேசுவான்? அடி வாங்குனேன்னு சொன்னா டூட்டியில தூங்குனேன்னு அர்த்தம். அது எவ்ளோ பெரிய குத்தம் தெரியுமா? அண்ணன் அறைவாருன்னு எல்லாரும் சொல்லுவோம். என்னை அறைஞ்சாருன்னு ஒருத்தனும் சொன்னதில்ல."

வினோதினி அவனிடமிருந்து போனை வாங்கி, தானே பேசிப் போட்டாள். "தம்பிங்களா, நான் ராமதாஸ் சம்சாரம். எனக்குப் பட்டாளச் சட்டம் ஒண்ணும் தெரியாது. கை தெரியாம பொம்மை செய்ய முடியாது, அது மட்டும்தான் தெரியும். குரூப்ல வேணாம், எனக்குத் தனியா சொல்லுங்க. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

முதலில் வந்தது ஜான்சன் என்கிறவனின் வாய்ஸ் மெசேஜ். "அண்ணி, நான் தூங்கலை. கண்ணு லேசா, இந்த அளவுதான்... கை ரொம்பச் சின்னது அண்ணி. மெத்துமெத்துன்னு. அந்த அடிக்குக் கொசுகூடச் சாகாது. ஆனா தூக்கிவாரிப்போட்டு எழுந்துட்டேன்."

அடுத்து அய்யனார். இவனும் தூங்கவில்லை, கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தானாம். "கட்டை கட்டையா வெரலு அண்ணி. பாறாங்கல்லு மாதிரி கை. கண்ணாடியில பாத்தேன், கன்னத்துல நாலு தடம். அதுல ஆள்காட்டி வெரலு மட்டும் குட்டை."

மூன்றாவதாக ஒருத்தன் பேரே சொல்லாமல், கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது என்றான். நான்காவது ஆளுக்கு மஞ்சளும் மீனும் கலந்த வாடை.

வினோதினிக்கு எரிச்சல் வந்தது. வேலை வாங்குகிறவர்கள் ஆளுக்கொரு அளவு சொன்னால் தையல்காரிக்கு வருமே, அந்த எரிச்சல். உங்கள் அண்ணனுக்கு மொத்தம் எத்தனை கை என்று கேட்டுவிடலாமா என்று இருந்தது. அந்தக் குட்டை விரல் மட்டும் மனதில் நெருடியது. கதையாக இருந்தால் இவ்வளவு விவரம் யாரும் போட மாட்டார்கள். கதை கட்டுகிறவளுக்கு அது தெரியாதா? அய்யனாருக்கு எழுதினாள். "அந்த மாதிரி வெரலு குட்டையா இருக்கறவங்க உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது இருக்காங்களா?"

பதில் டைப் அடிப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது. அப்புறம் போனே அடித்தது.

"அண்ணி." வளர்ந்த ஆம்பிளை விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தான். "எங்க அக்கா. உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டுல கரும்பு ஜூஸ் வண்டி வச்சிருக்குது. மெஷின்ல மாட்டி ஆள்காட்டி வெரலு மேல்கணு போயிடுச்சு. அதுதான் என்னை வளத்துச்சு. எனக்கு ஏன் அண்ணி இத்தினி நாளா தோணல? நான் அண்ணன் கைன்னே நெனச்சிட்டிருந்தேன் அண்ணி."

ஜான்சனைக் கேட்டபோது அவன் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. ஒரு போட்டோ அனுப்பினான். மூன்று வயசுப் பெண்குழந்தை, கேமராவை மறைக்க உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருந்தது.

வினோதினி போனைக் கவிழ்த்து வைத்தாள். கை மயிர் எல்லாம் குத்திட்டு நின்றது. மற்றவர்களுக்கு அவள் எத்தனையோ முறை வரவழைத்த சிலிர்ப்பு இதுதானா? அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கும் மேலே ஏதோ ஒன்றாகவும் இருந்தது. கோபுரத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது தலை சுற்றுமே, அப்படி. எங்கேயோ கரும்பு பிழிந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் கை, அவளுக்கே தெரியாமல், அத்தனை மலையும் ஏறிப்போய்த் தம்பியை எழுப்பிவிட்டு வந்திருக்கிறது.

அவளுக்கு யாரிடமாவது சொன்னால் போதும் என்று இருந்தது. உப்பளத்துக்கு ஓடினாள். அம்சவள்ளி பாத்தியில் வாருபலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக்கொண்டிருந்தாள். வினோதினி வரப்பில் நின்றபடி மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அவரு கையுறையைக் கழட்டி வச்சிட்டுப் போனாரு இல்ல அத்த? அதோட கையும் போயிடுச்சு போல. கை இல்லாதவரு எதை வச்சு எழுப்புவாரு? அதான் வீட்ல இருக்கறவங்ககிட்ட இரவல் வாங்கிக்கிறாரு."

அம்சவள்ளி பலகையைச் சாய்த்து வைத்தாள். நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. புடவையில் கையைத் துடைத்தாள். வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வருஷக்கணக்காகப் பலகை பிடித்துக் காய்த்து, உப்பில் வெடித்த கை.

"என் புள்ளைய அடிச்சது யாரு கையாம்?"

அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டு வினோதினி, "வாங்க அத்த, அவரையே கேப்போம்" என்றாள்.

இருவரும் வீட்டுக்கு வந்தபோது ராமதாஸ் கட்டிலில் படுத்திருந்தான். அய்யனாரின் அக்காவைப் பற்றியும் ஜான்சனின் மகளைப் பற்றியும் சொன்னார்கள். அவன் எழுந்து உட்கார்ந்தான். கண் அகலத் திறந்தது. ஆனால் உன்னை அடித்த கை எப்படி என்று அம்மா கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லுடா."

"அவங்களுக்கெல்லாம் அது சரி. எனக்கு அப்படி இல்லம்மா."

"அப்படின்னா?"

"என்னை மட்டும் பீச்சாங்கையால அடிச்சாரு." சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். "வலது கன்னத்துல விழுந்துச்சு. எதுக்க நின்னு அடிச்சா எந்தக் கைன்னு தெரியாதா? ஒரு மனுஷனைப் பீச்சாங்கையால அறையறதுன்னா இன்னா அர்த்தம்? நாயைக்கூட யாரும் அப்படி அடிக்க மாட்டாங்க. நான் தூங்கினது அவருக்கு அவ்ளோ கேவலமாப் போச்சு. அதான் கோவம்னு சொன்னேன். இத நான் எவன்கிட்ட சொல்லுவேன்?"

அம்சவள்ளி மெதுவாகத் திரும்பி மருமகளைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். ஓடிப்போன அவசரத்தில் வினோதினி கீழே வைக்க மறந்த தூரிகை இன்னமும் அவளுடைய இடது கையிலேயே இருந்தது.

"வேற ஏதாச்சும் ஞாபகம் இருக்குதா?" வினோதினிக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போல் கேட்டது. "வாசனை, கீசனை?"

"ஸ்டவ் மண்ணெண்ணெய்னு நெனச்சேன். மண்ணெண்ணெய் இல்ல அது. பெயின்ட்ல கலக்கற தின்னர்." சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது போலிருந்தது. கையை முகத்திலிருந்து எடுத்தான்.

"எப்போடா நடந்துச்சு?" என்றாள் அம்சவள்ளி.

"தை அமாவாசைக்கு மறுநாள். விடியற்காலை."

அம்சவள்ளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உங்கப்பாவுக்குப் படைச்சோமே, அதுக்கு மறுநாள் காலையில. உள்ளங்கை எல்லாம் செவந்து வீங்கிப்போச்சுன்னு எழுந்து வந்து நின்னாளேடா இவ. கண்ட பிசினையும் தொட்டா இப்படித்தான்னு திட்டி, நான்தானே தேங்காண்ண தடவிவிட்டேன்."

வினோதினியும் அதை மறக்கவில்லை. அன்றைக்குப் பட்டறைக்கு லீவு போட்டிருந்தாள். ஒட்டுகிற பிசின்தான் காரணம் என்று பாட்டிலையே மாற்றினாள். இப்போது தன் கையைப் பார்த்தாள். கட்டைவிரலில் பச்சைப் பெயின்ட், நகக்கண்ணில் பிசின். தினமும் பார்க்கிற கை. இது இவள் தூங்கிக்கொண்டிருந்தபோது எங்கே போயிருந்தது, எதைப் பார்த்தது, எப்படித் திரும்பி வந்து மணிக்கட்டில் சேர்ந்துகொண்டது? அந்தக் கையைத் தொட அவளுக்கே கூச்சமாக இருந்தது.

ராமதாஸ் எழுந்து வந்தான். அவளுடைய இடது கையை எடுத்து, தூரிகையை வாங்கி வைத்துவிட்டு, உள்ளங்கையைத் தன் வலது கன்னத்தில் வைத்துக்கொண்டான். விரல் ஒவ்வொன்றாக நகர்த்திச் சரிபார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. லீவில் வந்த நாளாக அவன் நெஞ்சில் கிடந்த பாறை அப்படியே இறங்கிப்போனதை வினோதினி கண்ணால் பார்த்தாள்.

அம்சவள்ளி தரையில் கையூன்றி எழுந்தாள். "இருக்கட்டும். யாரு அடிச்சா இன்னா, எழுந்தானே" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். வெகுநேரம் குழாயடியிலேயே நின்றாள்.

அதன் பிறகு அண்ணனுக்குக் கை வைப்பதைப் பற்றி வினோதினி யோசிக்கவே இல்லை. வைக்கவில்லை. வெள்ளை உடுப்பின் கை நுனியில் வெறும் முளைகள் மட்டும். கைகளைத் தனியாகச் செய்தாள். புளியங்கொட்டை அளவில் ஜான்சனின் மகள் கை. ஆள்காட்டி விரல் குட்டையான ஒன்று. மயிரிழைக் கம்பியில் வளையல் போட்ட ஒன்று. அந்தப் பழைய குரூப்பில் இப்போது பிரியாணி படம் நின்றுபோய்க் கைகளாக வந்து குவிந்தன. இதுவரை அடி வாங்காதவர்கள்கூட அம்மா கை, தங்கை கை, அப்பா கை என்று அனுப்பி, எதற்கும் இருக்கட்டும் அண்ணி என்றார்கள். ராமதாஸுக்காகத் தன் இடது கையைச் செய்தாள். கட்டைவிரலில் ஒரு பொட்டுப் பச்சைகூட வைத்தாள். எல்லாவற்றுக்கும் பஞ்சு வைத்துப் பெட்டியில் இடம் போட்டாள்.

அண்ணன் நிற்கப் பனித்தரை வேண்டும். வழக்கமாகச் சோடா மாவில் பசை கலந்து செய்வாள். அம்சவள்ளி ஒரு கைப்பிடி உப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"இது இங்க நீர்த்துப்போகும் அத்த."

"அங்க நீர்க்காது இல்ல?"

வினோதினி அதையே போட்டாள். மிச்சம் இருந்தது பெட்டியின் பின்பக்கம். நாள் முழுக்கப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ புளுகு எழுதின கைக்கு நிஜம் ஒரு வரிக்குமேல் வரவில்லை. "இவருக்குக் கை இல்லை. கேட்டால் கொடுங்கள்."

லீவு முடிந்து ஆடியில் ராமதாஸ் முகாமுக்குக் கிளம்பினான், புரட்டாசியில் அங்கிருந்து மேலே போக வேண்டும். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினான். அழவும் இல்லை, பயப்படவும் இல்லை. அவனுக்குப் பதில் இப்போது வினோதினிக்கு எல்லாம் சேர்ந்துகொண்டது. முன்பு அவள் பட்டாளக்காரனின் மனைவி, காத்திருப்பதோடு சரி. இப்போது அவளும் டூட்டியில் இருந்தாள். இடது கையில் கத்தி படாமல் காய் நறுக்கினாள். தூங்கும்போது அதைப் போர்வைக்கு வெளியே விட்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பாத்தியெல்லாம் கரைந்து உப்பளம் ஏரியாகிக் கிடந்தது. வேலை இல்லாமல் அம்சவள்ளி வீட்டில் இருந்தாள். ஒரு மத்தியானம் வினோதினி மேஜையில் ஒரு பூட்ஸுக்குப் பெயின்ட் வைத்துக்கொண்டிருந்தாள். எந்த முன்னறிவிப்பும் இல்லை. கொதிக்கிற எண்ணெயில் தோய்த்த மாதிரி இடது உள்ளங்கை பற்றி எரிந்தது. தூரிகை தெறித்து விழுந்தது. தின்னர் கிண்ணம் கவிழ்ந்தது.

"அத்த!"

அம்சவள்ளி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். மருமகளின் உள்ளங்கை கண்ணெதிரில் சிவந்துகொண்டிருந்தது. வினோதினி கையைத் தூக்கிக் காட்டினாள். பல் கிட்டித்துப்போயிருந்தது. எழுந்திருங்க, எழுந்திருங்க, எழுந்திருங்க என்று மனசு கதறியது. ஒரு அடி போதுமா, போதாவிட்டால் என்ன செய்வது, யாரைக் கேட்பது?

அம்சவள்ளி ஒரு கணம்தான் நின்றாள். பள்ளிக்கூட நாளில் மகனை எழுப்பப் போட்ட அதே குரலில், "எழுந்துக்கடா டேய்!" என்று கத்தி, வலது கையை ஓங்கி மேஜைமேல் ஒரு அறை அறைந்தாள். மேஜையில் இருந்த பட்டாளம் மொத்தமும் குப்புற விழுந்தது.

அப்புறம் மழைச் சத்தம் மட்டும்தான். இருவரும் ஆளுக்கொரு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் வரை விளக்குப் போடவில்லை.

மேலே இருக்கிறவர்கள் நினைத்தபோது பேச முடியாது. சாட்டிலைட் போன் முறை வர வேண்டும். இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் வினோதினி எழுந்து போய்ப் பார்த்தாள். பட்டறையில் கேட்டவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றாள். பொய்யும் இல்லை. வீக்கம் வடிந்து, தோல் உரிய ஆரம்பித்த பிறகு ஒரு காலையில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"வினோ." நடுவில் காற்றும் இரைச்சலும். ஆனால் அவன் குரல்தான்.

வினோதினி அடுப்படிப் பக்கம் திரும்பிக் கையை ஆட்டி அம்சவள்ளியைக் கூப்பிட்டாள்.

"ஏய், இருக்கியா? நல்லா இருக்கேன். அன்னிக்குப் பயங்கரப் புயல். நான் தனியா மாட்டிக்கிட்டேன். உக்காந்ததுதான் தெரியும். நீ அடிச்ச. கண்ணு தொறந்துச்சு. ஆனா எழுந்துக்க முடியல வினோ, மறுபடி சொக்குது. அப்ப ரெண்டாவதா ஒண்ணு விழுந்துச்சு பாரு. அம்மாடி! காதெல்லாம் ங்கொய்ங்குது. அதுலதான் எழுந்து நடந்தேன். இன்னும் வீக்கம் போகல." இரைச்சல் கூடிக் குறைந்தது. "அது உன் கை இல்ல. இடது கன்னத்துல விழுந்துச்சு. சோத்தாங்கை. காப்புக் காய்ச்சு, வெடிப்பு வெடிப்பா... வாயெல்லாம் உப்புக் கரிச்சுது. வினோ, அது யாரு?"

அடுப்படி வாசலில் அம்சவள்ளி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தாள். வினோதினி போனை அவளிடம் நீட்டினாள். அம்சவள்ளி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, வலது கையால் அதை வாங்கிக் காதில் வைத்தாள்.